வண்டி நில்லாத நிலையம்

சுரங்கத்திற்கும் சந்திப்பு நிலையத்திற்கும் இடையே தொண்ணூறு மைல் தொலைவுக்கு ஒற்றைத் தடம் ஓடுகிறது. அதன் நடுவே, மேடு தொடங்கும் இடத்தில், அந்தச் சிறு நிலையம் இருக்கிறது. அது அங்கே எழுந்ததற்குக் காரணம் ஊரன்று, தண்ணீர். கரி சுமந்து வரும் நீராவி எஞ்சின்கள் மேட்டில் ஏறுமுன் வயிறு நிறையக் குடித்தாக வேண்டும். எனவே ஓடைக்கு அருகில் கிணறு தோண்டினார்கள்; உயரமான இரும்புத் தொட்டி கட்டினார்கள்; அதன் நிழலில் செங்கல்லால் இரண்டு அறைகள் எழுப்பினார்கள். எஞ்சின் நின்றதால் ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நின்றதால் கடைகள் வந்தன. கடைகளுக்குப் பின்னால் ஊர் வந்தது. கரிவண்டியின் வாலில் இரண்டு பயணிகள் பெட்டிகளைக் கோத்துவிட்டபோது, அந்நிலையத்துக்கு ஒரு மணிக்கூண்டும் காத்திருக்கும் அறையும் கூட வாய்த்தன. அன்று அங்கே ஏழு பேர் வேலை பார்த்தார்கள்.

பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அதற்குத் தாகம் இல்லை.

சாலை வந்தது, பேருந்து வந்தது, பயணிகள் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஏழு பேர் ஐந்தாகி, மூன்றாகி, இறுதியில் இருவரானார்கள். ஒருவர் நிலைய மாஸ்டர். மற்றவர் அரை மைல் தள்ளியிருந்த சிறு குடிலில் தண்டவாளம் பிரியும் இடத்தைக் காத்துவந்த பாயிண்ட்காரர்; காது சற்று மந்தம், வாய் அதைவிட மந்தம். இரவில் அத்தடத்தில் வண்டி ஓடுவதில்லை என்பதால் இருவரே போதும் என்று மேலிடம் கணித்தது.

எந்த வண்டியும் நிற்காத நிலையத்தில் மாஸ்டருக்கு என்ன வேலை? ஒரே ஒரு வேலை இருந்தது. ஆனால் அது உயிர் காக்கும் வேலை. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடலாகாது. அதற்காக ஒவ்வொரு நிலையத்திலும் சிவப்பு வண்ணம் பூசிய ஓர் இரும்புக் கருவி இருக்கும். அதன் வயிற்றில் எலுமிச்சையளவு இரும்பு உருண்டைகள் கிடக்கும். அடுத்த நிலையத்து மாஸ்டர் மணியடித்து ஒப்புக்கொண்டால்தான் இங்கே ஓர் உருண்டை வெளியே விழும். அது வெளியே இருக்கும்வரை இரு பக்கத்திலும் வேறோர் உருண்டை விழாது. அந்த உருண்டையைத் தோல்பையில் இட்டு, பையைப் பெரிய கம்பி வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினில் இருந்து நீளும் கைக்கு மாஸ்டர் நீட்டுவார். ஓட்டுநர் பழைய வளையத்தை மேடையில் எறிந்துவிட்டுப் புதியதைப் பறித்துக்கொள்வார். உருண்டையின்றி ஒரு சக்கரமும் நகரக்கூடாது என்பது விதி.

இந்த வேலைக்கு மாஸ்டர் வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. ஐம்பத்து மூன்றிலும் அதையே செய்துகொண்டிருந்தார். நாளுக்குப் பன்னிரண்டு வண்டிகள்: ஆறு கரியுடன் போகும், ஆறு வெறுமையாய்த் திரும்பும். ஓட்டுநர்களை அவர் முகத்தால் அறிந்தவரல்லர், கையால் அறிந்தவர். ஒரு கை மெலிந்து நீளும், ஒரு கையில் சுட்ட வடு, ஒன்று தயங்கும், ஒன்று பிடுங்கும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மனிதக் கைகள் அவரை நோக்கி நீண்டன. ஒன்றேனும் அவரைத் தொட்டதில்லை. தொட்டது வளையம் மட்டுமே.

அவற்றுள் ஒரு கை அவருடைய அண்ணனுடையது.

மூத்தவர் சந்திப்பு ஊரில் குடியிருந்தார். காலை பதினொன்று இருபதுக்கு வரும் கரிவண்டியை வாரத்தில் நான்கு நாள் ஓட்டுவார். வண்டி நிற்காது, ஆனால் மேட்டை எதிர்பார்த்துச் சற்றுத் தளர்ந்து வரும். மேடையைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் ஒரு வாக்கியம் பேசலாம். எனவே அண்ணன் தம்பி உரையாடல் நாளுக்கு ஒரு வாக்கியமாக, வாரக்கணக்கில் நடந்தது.

திங்கட்கிழமை எஞ்சினிலிருந்து குரல் வந்தது: “உனக்குப் பொண்ணு பாத்திருக்குடா!”

செவ்வாய்க்கிழமை மேடையிலிருந்து பதில் போயிற்று: “யாரைக் கேட்டு?”

வியாழன்: “உங்க அண்ணியைக் கேட்டு!”

சனி: “அப்ப அண்ணியையே கட்டிக்கச் சொல்லு!”

அடுத்த திங்களன்று பதில் இல்லை. சிரிப்பு மட்டும் எஞ்சினோடு மேடேறி மறைந்தது. பாயிண்ட்காரர் குடிலிலிருந்து தொலைபேசியில், “எஞ்சின்ல ஏதோ கோளாறு போல மாஸ்டர், ஒரு மாதிரி சத்தம் வருது” என்றாராம். மாஸ்டர் திருமணமே செய்துகொள்ளவில்லை. அந்த நிலையத்துக்குக் குடிவர ஒரு பெண்ணும் ஒப்பவில்லை என்பது ஒரு காரணம். ஒருவரையும் அங்கே அழைத்து வருவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை என்பது மற்றொன்று. அண்ணி மட்டும் அவ்வப்போது துணிப்பையில் ஏதேனும் கட்டிக் கொடுத்துவிடுவார். அது எறியப்படும் வளையத்தோடு சேர்ந்து மேடையில் வந்து விழும். பாதி உடைந்திருக்கும், மீதி இனித்திருக்கும்.

அவர்களுடைய தந்தை தச்சர். முதுமையில் கால் தளர்ந்துபோக, மூன்றாம் மாடியில் இருந்த மூத்தவர் வீட்டுப் படிகளை ஏற முடியாமல், இளையவரிடம் வந்து சேர்ந்தார். நிலையத்தின் பின்னால் இருந்த ஓரறைக் குடியிருப்பில் இருவரும் வாழ்ந்தார்கள். காலை பதினொரு மணிக்கெல்லாம் கிழவர் மேடைப் பெஞ்சில் வந்து அமர்ந்துவிடுவார். மூத்த மகனின் எஞ்சின் கடக்கும்போது கைத்தடியை உயர்த்துவார். எஞ்சின் இரண்டு முறை குரல் கொடுக்கும். தந்தை அங்கே இருந்த மூன்று மாதங்களில் அவரும் மூத்த மகனும் கண்டுகொண்டது அவ்வளவே. “இந்த மாசம் முடியட்டும், லீவு போட்டு வந்து நாலு நாள் தங்கறேன்” என்று ஒரு வியாழக்கிழமை மூத்தவர் கத்திச் சென்றார்.

அந்த மாதம் முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிழவருக்கு மூச்சு இரைந்தது. கடைத்தெருவிலிருந்து வந்த மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் தாண்டாது” என்றார். அப்போது மணி பத்து. சுரங்கப் பக்கத்து நிலையத்திலிருந்து மணி ஒலித்தது. பதினொன்று இருபது வண்டி புறப்பட்டுவிட்டது. மாஸ்டர் உருண்டையை எடுத்துப் பையில் இட்டார். மேடையில் போய் நின்றார்.

கைகாட்டியை ஏற்றாமல் விட்டிருந்தால் வண்டி நின்றிருக்கும். ஆனால் ஐம்பத்தெட்டுப் பெட்டிக் கரியோடு அந்த மேட்டின் அடியில் நின்ற வண்டி, பின்னிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் வராமல் நகராது. தடம் முழுவதும் அரை நாள் முடங்கும். நிறுத்தாமல், ஒரே வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்கு நொடிகள் போதும், அன்றாடம் போதுமாயிருந்தன. மாஸ்டர் வாய் திறந்தார். மேட்டுக்கு அப்பால் இறக்கம். நாலு மணி நேர ஓட்டம். பின்னால் மூவாயிரம் டன். அந்த வார்த்தையைத் தலையில் சுமந்துகொண்டு அண்ணன் அந்த இறக்கத்தில் எப்படி இறங்குவான்? கை நீண்டது, வளையம் மாறியது. மூத்தவர் காலியான பெஞ்சைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். எஞ்சின் இரண்டு முறை குரல் கொடுத்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

கிழவர் மூன்றரை மணிக்குப் போனார். மூத்தவருக்குச் செய்தி சந்திப்பு நிலையத்தில் இறங்கியதும் கிடைத்தது. தள்ளும் எஞ்சினைத் தருவித்து நிறுத்திய மாலை வண்டியின் காவலர் பெட்டியில் உடலை ஏற்றி அங்கே கொண்டுபோய், அங்கேயே அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பின், மூத்தவர் மாடிப்படியில் தம்பியை மறித்தார்.

“பதினொன்னு இருபதுக்கு அப்பாவுக்கு உயிர் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“உனக்குத் தெரியுமா, போயிடுவார்னு?”

“தெரியும்.”

“என் கையில வளையத்தைக் குடுத்தியேடா. என் மூஞ்சியைப் பாத்தியே. ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லியிருந்தா அந்த எறக்கத்துல எப்படி ஓட்டியிருப்பே?”

“அது என் பாடு. நீ யாரு அதை முடிவு பண்ண?” மூத்தவர் குரல் உயரவில்லை. “இனிமே நீ எங்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்.”

அன்றிலிருந்து எஞ்சினிலிருந்து வாக்கியம் வரவில்லை. துணிப்பை வரவில்லை. எஞ்சின் குரல் கொடுக்கவில்லை. கை மட்டும் வந்தது. வாரத்தில் நான்கு நாள், பதினொன்று இருபதுக்கு, மணிக்கட்டுவரை கரி படிந்த அந்தக் கை நீண்டு வளையத்தை வாங்கிக்கொண்டு போயிற்று. பதினோரு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. ஏனைய மூன்று நாட்களையும் மாஸ்டர் எப்படியோ கழித்தார். அந்த நான்கு நாட்களில் மட்டும் பதினோரு மணிக்கே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நிற்பார். பக்தன் ஒருவன் கதவு திறவாத சன்னிதியின் முன்னும் வேளை தவறாமல் போய் நிற்பதைப் போன்றது அது. கதவு திறக்காவிட்டாலும் வேளை அவனுடையது.

மூத்தவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தபோது அந்தப் பிழை நேர்ந்தது.

மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கருவியிலிருந்து விழுந்த உருண்டையை அவர் மேசையில் வைத்ததே இல்லை. கருவியிலிருந்து கை, கையிலிருந்து பை. அன்று காலை பையின் வார் அறுந்திருந்தது. ஊசியும் மெழுகுநூலும் எடுத்து அதைத் தைத்துக்கொண்டிருந்தபோது மணியடித்தது. எழுந்து போய் உருண்டையை எடுத்தார்; ஒரே ஒரு தையல் பாக்கி என்பதால், உருண்டையைப் பேரேட்டின்மேல் வைத்துவிட்டு, அந்த ஒரு தையலைப் போட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வாரை இழுத்துப் பார்த்தார், உறுதியாய் இருந்தது. தம் வேலையில் தாமே மகிழ்ந்து, பையின் கொக்கியை மாட்டி, வளையத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

கை நீண்டது. வளையம் மாறியது. எஞ்சின் கடந்தது, பெட்டிகள் ஒவ்வொன்றாய்க் கடக்கத் தொடங்கின. எறியப்பட்ட வளையத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தவர், பேரேட்டின்மேல் இரும்பு உருண்டை இருப்பதைக் கண்டார்.

அண்ணன் காலிப் பையோடு மேடேறிக்கொண்டிருந்தார்.

மோதலுக்கு இடமில்லை என்பதை அவர் அறிவு உடனே உணர்ந்தது. உருண்டை இங்கே வெளியே இருக்கும்வரை எதிரே எந்த வண்டியும் வர இயலாது. ஆனால் அடுத்த நிலையத்தில் மூத்தவர் எறியும் வளையத்தில் ஒன்றும் இராது. பையைத் திறந்து பார்க்காமல் வண்டி ஓட்டிய ஓட்டுநரை எஞ்சினில் மறுபடி ஏறவிடமாட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுக் கறையற்ற பணி ஒரு நொடியில் கறைபடும். நிலையத்தைத் தாண்டி முக்கால் மைலில் கடைசிக் கைகாட்டி இருந்தது. எஞ்சின் அதை இன்னும் எட்டவில்லை. மாஸ்டர் நெம்புகோலை இரு கைகளாலும் பற்றி இழுத்தார். தொலைவில் கைகாட்டி விழுந்தது. சற்று நேரத்தில் பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முனகின, பிறகு நின்றன.

உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். ஐம்பத்தெட்டுப் பெட்டி நீளம். சரளைக்கல் காலடியில் வழுக்கியது. ஓடிப் பார்த்தார், மூச்சு முட்டியது, மறுபடி நடந்தார். நடக்கையில் அவர் மனம் ஒன்றையே வேண்டிற்று: அவன் பையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்து, தானே நிறுத்த முனைந்திருக்க வேண்டும். அப்படியானால் பழி முழுவதும் தமக்கே, அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. உதவி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். ஓயாமல் பேசுபவர் என்பதால் அவரை எல்லாரும் ‘ரேடியோ’ என்பார்கள்.

“என்ன மாஸ்டர், நீங்களே நடந்து வரீங்க? கைகாட்டி ஏன் விழுந்துச்சு? மாடு கீடு வந்துச்சா? இந்த மேட்டுல நிறுத்திட்டீங்களே, இனி தள்ளறதுக்கு எஞ்சின் வந்து சேர்றதுக்குள்ள என் பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்துடும்...”

மாஸ்டர் ஏணியைப் பற்றி மேலே ஏறினார். ஓட்டுநர் இருக்கையில் அண்ணன் அமர்ந்திருந்தார். வளையம் அவர் தலைக்கு மேல் கொக்கியில் தொங்கியது. பையின் கொக்கி, மாஸ்டர் மாட்டியபடியே மாட்டியிருந்தது.

அவர் உள்ளங்கையை விரித்தார். இரும்பு உருண்டையை மூத்தவர் பார்த்தார். தலைக்கு மேலிருந்த பையைப் பார்த்தார். ரேடியோ பேச்சை நிறுத்திக்கொண்டார். அது நடந்ததாக அதற்கு முன் எவரும் கேள்விப்பட்டதில்லை.

“நீ தொறந்து பாக்கலையா?” என்றார் தம்பி. பதினோரு ஆண்டுகளில் அண்ணனிடம் அவர் பேசிய முதல் சொல் அது.

 “இல்லை” என்றார் மூத்தவர்.

“இன்னிக்கு மட்டுமா?”

“என்னிக்குமே தொறந்ததில்லை.”

“ஏன் அண்ணா?”

“குடுக்கறது நீதானேன்னு.”

 மாஸ்டர் கொக்கியைக் கழற்றி, உருண்டையை உள்ளே இட்டு, மீண்டும் மாட்டினார். கொக்கி இரண்டு முறை தவறிற்று.

“நான் எதையும் பாக்கலைங்க” என்றார் ரேடியோ, மேற்கூரையை நோக்கி. “கண்ணுல தூசி. ரெண்டு கண்ணுலயும். காதுலகூட.”

“இறங்கிப் போ” என்றார் மூத்தவர் தம்பியிடம். “கண்ட்ரோல் கூப்பிடுவாங்க.”

கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மாஸ்டர் மூச்சிரைக்க அறைக்குள் நுழைந்தபோது தொலைபேசி அலறியது.

“மாஸ்டர்! வண்டி ஏன் மேட்டுல நிக்குது?”

“தப்பு என்னோடது. காலிப் பையைக் குடுத்துட்டேன்.”

“என்னது? காலிப் பையா? இருபத்தாறு வருஷமா வேலை பாக்கறீங்களா, விளையாடறீங்களா? டிரைவர்?”

மாஸ்டர் சன்னல் வழியே பார்த்தார். கடைசிப் பெட்டியின் சிவப்புத் துணி காற்றில் ஆடியது.

“டிரைவர் பையைத் தொறந்து பாத்துட்டு நிறுத்திட்டார்” என்றார். பின்னர் அதையே பேரேட்டிலும் எழுதிக் கையொப்பமிட்டார். அவர் எழுதிய பேரேடுகள் அலமாரியில் வரிசையாய் நின்றன. அவற்றுள் பொய் என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

அண்ணனின் பெயரைக் காக்கவே அவ்வாறு எழுதினார் என்பது உண்மை. முழு உண்மை அன்று. மூத்தவரை எஞ்சினிலிருந்து இறக்கிவிட்டால், பதினொன்று இருபதுக்கு அந்தக் கை வராது. இன்னும் ஐந்து மாதம், வாரம் நான்கு: எண்பதுக்குக் குறையாத முறை. அவற்றை இழக்க அவருக்கு மனமில்லை.

இரண்டு வாரம் கழித்துச் சந்திப்பு நிலையத்தில் விசாரணை. மாஸ்டரின் இடத்துக்கு அன்று மாலைவரை ஒரு மாற்று ஆளை அனுப்பினார்கள். காலைப் பேருந்தில் அவர் போய் இறங்கினார். மாடியில் நீண்ட தாழ்வாரம், மூடிய கதவு, கதவுக்கு வெளியே ஒரே பெஞ்சு. பெஞ்சில் மூத்தவர் முன்பே அமர்ந்திருந்தார். மாஸ்டர் மறுமுனையில் அமர்ந்தார். தந்தை போன பின் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்தது அன்றுதான்.

மூத்தவர் கதவைப் பார்த்தபடியே, “என்ன எழுதியிருக்கே?” என்றார்.

“நீ தொறந்து பாத்து நிறுத்தினேன்னு.”

“பொய்யா?”

“பொய்தான்.”

“உனக்கு அது வராதேடா. எழுத்தே கோணியிருக்குமே.”

“நேராத்தான் எழுதினேன்.”

“ஸ்கேல் வச்சா?”

மாஸ்டர் சிரித்துவிட்டார். கதவின் உள்ளேயிருந்து யாரோ இருமினார்கள். இருவரும் பள்ளிப் பிள்ளைகள்போல் வாயை மூடிக்கொண்டார்கள்.

“ரேடியோவும் அதையேதான் சொல்லியிருக்காராம்” என்றார் மாஸ்டர் தணிந்த குரலில். “நீயும் அதையே சொல்லிடு அண்ணா. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை. நான் போய் நிக்கறதுக்கு வேற எடம் கிடையாது, அவங்களுக்கும் அங்க நிறுத்தறதுக்கு வேற ஆள் கிடையாது. உனக்கு அஞ்சு மாசம்தான். மாலை மரியாதையோட எறங்கணும்.”

மூத்தவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. பியூன் அவரை அழைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வர அரை மணி நேரமாயிற்று. வந்தவர் அமரவில்லை, தம்பியின் முன் நின்றார்.

“நான் தொறக்கலைன்னு சொல்லிட்டேன்.”

மாஸ்டர் எழுந்துவிட்டார். “ஏன் அண்ணா? ஏன்?”

“ஒரு வார்த்தை சொல்லலைன்னு உன்மேல பதினொரு வருஷம் கோவமா இருந்தவன்டா நான். இப்ப நானே ஒரு வார்த்தையை முழுங்கினா அந்தக் கோவத்துக்கு என்ன மரியாதை?” அவர் முகத்தில் கோபம் இல்லை; களைப்பு இருந்தது. “உள்ள போ. கேட்டா உள்ளதைச் சொல்லு. பொய் சொன்னேன்னும் சொல்லு.”

மாஸ்டர் உள்ளே போய் உள்ளதைச் சொன்னார்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. மூத்தவரை எஞ்சினிலிருந்து இறக்கி, பணிமனையில் கருவிகளின் பட்டியல் எழுத வைத்தார்கள். மீதி மாதங்கள் ஒரு மேசையின் பின்னால் கழிந்தன. மாஸ்டரைத் தண்டனையாக ஒதுக்குப்புற நிலையம் ஒன்றுக்கு மாற்றலாம் என்று ஒருவர் குறிப்பெழுதினாராம். அதைவிட ஒதுக்குப்புறமான நிலையம் அந்தத் தடத்தில் இல்லாமையால் பதவி உயர்வை மட்டும் நிறுத்திவிட்டு அவரை அங்கேயே விட்டார்கள்.

பதினொன்று இருபதுக்கு இப்போது ஓர் இளைஞர் வந்தார். அவருடைய கை வேகமானது; வளையத்தைப் பறித்ததும், எஞ்சின் மேடையைத் தாண்டுமுன்னே, மாஸ்டர் காணும்படியாகவே கொக்கியைத் திறந்து உருண்டையை எடுத்து உயர்த்திப் பார்ப்பார். பன்னிரண்டு வண்டி ஓட்டுநரும் இப்போது அவ்வாறே செய்தார்கள், சுற்றறிக்கை போயிருந்தது. விதியும் அதுதான்; நியாயமும் அதுதான். மாஸ்டர் ஒவ்வொரு முறையும் அவர்கள் பார்த்து முடிக்கும்வரை மேடையில் நின்றார். நாளுக்குப் பன்னிரண்டு முறை பன்னிரண்டு பேர் அவரை ஐயுற்றுத் தெளிந்து போனார்கள். பதினோரு ஆண்டு ஒருவர் ஐயுறாமல் போனதன் எடை அப்போதுதான் அவர் தோளில் இறங்கிற்று.

அந்த மாதங்களும் கழிந்தன. மாலையும் மரியாதையும் இல்லாமல் மூத்தவர் ஓய்வு பெற்றார் என்று ரேடியோ ஓடும் எஞ்சினிலிருந்து கத்திச் சொன்னார். மீதியை மறுநாள் சொல்லுவதாகவும் கத்தினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை, தெருப்பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள். பயணிகள் பெட்டி நின்றுபோன பின் அந்தக் கதவு திறக்கப்பட்டதே இல்லை. தாழ்ப்பாள் துருவேறி இருந்தது. மாஸ்டர் சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தார். வெளியே அண்ணன் நின்றார். பேருந்தில் வந்து, கூட்டுச்சாலையிலிருந்து இரண்டு மைல் நடந்திருக்கிறார், செருப்பெல்லாம் புழுதி. கையில் ஒரு துணிப்பை.

“உங்க அண்ணி குடுத்தா. எறிய வேண்டாம்னு சொன்னா.”

மாஸ்டர் துணிப்பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “வா அண்ணா” என்றார். “உக்காரு. தண்ணி குடிக்கிறியா? பதினொன்னு இருபது வருது. குடுத்துட்டு வந்துடறேன்.”

“நானும் வரேன்.”

முப்பத்தைந்து ஆண்டு அந்நிலையத்தைக் கடந்த மூத்தவர் ஒரு முறைகூட அதன் மேடையில் கால் வைத்ததில்லை. இப்போது தம்பிக்கு இரண்டடி பின்னால், தகரக் கூரையின் கீழ் நின்றார். தண்டவாளம் முதலில் மெல்லச் சிலிர்த்தது. பிறகு வண்டி வந்தது. தரையிலிருந்து பார்க்கையில் அது அவர் அறிந்த வண்டியாக இல்லை போலும். எஞ்சின் கடந்தபோது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். கை நீண்டது, வளையம் மாறியது. இளைஞர் பையைத் திறந்து, உருண்டையை உயர்த்திப் பார்த்து, தலையசைத்தார். ஐம்பத்தெட்டுப் பெட்டிகளும் கரித்தூளை இறைத்துக்கொண்டு இருவர் முகத்துக்கு முன்னும் ஓடின. கடைசிப் பெட்டியின் சிவப்புத் துணி மேட்டில் சிறுத்து மறைந்தது. ஓசை மேட்டுக்கு அப்பால் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமற் போயிற்று.

மூத்தவர் அசையாமல் நின்றார். எதையோ எதிர்பார்ப்பவர்போல் காதைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. ஓர் இலை அசையும் ஒலியும் இல்லை. தம் வாழ்நாளெல்லாம் ஓசையைத் தம்மோடே இழுத்துக்கொண்டு போனவர் அவர்.

“வண்டி போனப்புறம் இப்படித்தான் இருக்குமா?” என்றார்.

“இப்படித்தான்.”

“நான் இதைக் கேட்டதே இல்லைடா.”

மாஸ்டர் எறியப்பட்டிருந்த வளையத்தைக் குனிந்து எடுத்தார். அதிலிருந்த தூசியைத் தட்டினார்.

“அடுத்த வண்டி எப்ப?”

“ரெண்டு மணிக்கு.”

மூத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; இரண்டரை மணி நேரம் இருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி கடந்துபோனதை அடுத்த நிலையத்துக்கு மணியடித்துச் சொல்ல வேண்டியிருந்ததால் மாஸ்டர் உள்ளே போனார்.